மேனிஃபோல்டு கேஸ்கெட் போனால்: இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்குமான வேலைப் பதிவு

சிலிண்டர் ஹெட்டின் ஒரு பக்கம் காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டு. மறுபக்கம் எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. இரண்டும் ஹெட்டோடு சேரும் இடத்தில், இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் இருக்கிறது. பெயர் ஒன்றானாலும் இரண்டும் கெடும் விதம் வேறு. இன்டேக் பக்கம் ரப்பர் இறுகிச் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே விடும். எக்ஸாஸ்ட் பக்கம் உலோகம் சூடேறி நீண்டு, ஆறிச் சுருங்கி, ஒவ்வொரு முறையும் கேஸ்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கும். புதுக் கேஸ்கெட் போட்ட சில மாதத்திலேயே மறுபடி லீக் ஆகும் வண்டிகளில் பெரும்பாலும் கேஸ்கெட் மேல் குற்றம் இருக்காது. பழைய கேஸ்கெட்டைக் கெடுத்த காரணம் அப்படியே இருந்து, புதியதையும் கெடுத்திருக்கும். ஆகவே கழற்றுவதற்கு முன்னாலும் கழற்றிய பின்னாலும் அது ஏன் போனது என்று பார்ப்பதுதான் வேலையின் பாதி.

வரிசையாக 4 சிலிண்டர் உள்ள பெட்ரோல் இன்ஜின், அலுமினிய ஹெட், பிளாஸ்டிக் இன்டேக், வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் என்ற அமைப்பை வைத்து இது எழுதப்படுகிறது. வி வடிவ இன்ஜினில் மாறுபடும் இடங்கள் அங்கங்கே வரும்.

இன்டேக் பக்கம்: எங்கே காற்று திருடப்படுகிறது

ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, காற்றை அளந்து விடும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல் என்றால், நல்ல இன்ஜினில் மேனிஃபோல்டுக்குள் 30 முதல் 40 கிலோபாஸ்கல்தான் இருக்கும். இந்த வித்தியாசத்தால், முடி அளவு இடைவெளி கிடைத்தாலும் காற்று அதன் வழியே பாய்ந்து உள்ளே போகும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வித்தியாசம் குறையும். த்ராட்டில் வழியாகப் போகும் காற்றோ பல மடங்கு கூடும். அதனால் இன்டேக் லீக்கின் தொந்தரவு ஐடிலில்தான் அதிகம். வேகத்தில் அது மறைந்துவிடும். இந்த ஒரு குணத்தை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

காலையில் குளிர்ந்த இன்ஜின் நடுங்கும், சூடேறியதும் சமாளித்துக்கொள்ளும். ஐடில் ஏறி இறங்கும். சிக்னலில் நிற்கும்போது ஆஃப் ஆகும். ஆக்சிலரேட்டரை மிதித்த முதல் கணத்தில் ஒரு தடுமாற்றம் வரும். சில சமயம் 'உஸ்' என்ற சத்தமும் கேட்கும். குளிரில் மட்டும் லீக் ஆவதற்குக் காரணம், பழைய ரப்பர் குளிரில் சுருங்கி விறைப்பதும் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு அலுமினியத்தைவிட அதிகம் சுருங்குவதும்தான். இப்படிப்பட்ட வண்டியைச் சூடான பிறகு சோதித்தால் எதுவும் அகப்படாது. இரவு முழுக்க நிறுத்தி வைத்து, முதல் ஸ்டார்ட்டில் சோதிக்க வேண்டும்.

ஸ்கேனர் இருந்தால் ஃப்யூயல் டிரிம் (இன்ஜின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற) எண்களைப் பாருங்கள். குறுகிய கால டிரிம், நீண்ட கால டிரிம் இரண்டையும் கூட்டிய தொகைதான் கணக்கு. 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலில் கூட்டல் 20 அல்லது 25 காட்டி, 2500 சுற்றில் பிடித்தால் 3, 4 என்று இறங்கினால் அது வெளிக்காற்று லீக். மாறாக, வேகம் ஏற ஏற டிரிமும் ஏறினால் கேஸ்கெட்டை விட்டுவிட்டு ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய காற்றளவு சென்சார் பக்கம் போங்கள். பி0171, பி0300, சில நேரம் பி0507 ஆகிய பிழைக் கோடுகள் (code) வரலாம். ஆனால் கோடு வந்ததாலேயே கேஸ்கெட் போனது என்று முடிவுகட்ட முடியாது. வி வடிவ இன்ஜினில் ஒரு பேங்கின் (ஒரு பக்கச் சிலிண்டர் வரிசையின்) டிரிம் மட்டும் ஏறினால் அந்தப் பக்கக் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். இரண்டு பேங்கும் சேர்ந்து ஏறினால் இரண்டுக்கும் பொதுவான த்ராட்டில் பாடி, பிசிவி குழாய் (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவருவது), காற்றுக் குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எம்ஏஎஃப் (காற்றளவு) சென்சார் இல்லாமல், மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் அளக்கும் மேப் சென்சாரை வைத்து ஓடும் இன்ஜின்களில் கதை மாறும். லீக் வழியாக வந்த காற்று மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கூட்டும். இன்ஜின் கணினியான இசியு அதைச் சேர்த்தே கணக்கிட்டு பெட்ரோல் கொடுத்துவிடும். அதனால் டிரிம் பெரிதாக ஏறாது; ஐடில் மட்டும் உயர்ந்து நிற்கும். 'டிரிம் சரியாக இருக்கிறதே, லீக் இல்லை' என்று இந்த வண்டிகளில் ஏமாந்து போவது சகஜம். லீக் ஒரே ஒரு போர்ட் (ஒரு சிலிண்டருக்குக் காற்று போகும் வழி) ஓரத்தில் இருந்தால் அந்த சிலிண்டருக்கு மட்டும் காற்று கூடி, ஐடிலில் அது மட்டும் மிஸ் ஆகும்.

கழற்றுவதற்கு முன்னால் மலிவான சந்தேகங்களை முதலில் தீர்த்துவிடுங்கள். பிசிவி குழாய், பிரேக் பூஸ்டர் குழாய், த்ராட்டில் பாடி கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங், பயன்படாத வேக்யூம் முனைகளில் மாட்டிய ரப்பர் மூடி எல்லாம் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைப் போலவே அறிகுறி காட்டும். மேனிஃபோல்டு கேஸ்கெட்டைவிட இவைதான் அடிக்கடி போகின்றன.

லீக்கைக் கண்ணால் பார்க்கச் சிறந்த வழி ஸ்மோக் மெஷின். காற்றுக் குழாயை த்ராட்டிலுக்கு முன்னால் அடைத்து, பிரேக் பூஸ்டர் முனை வழியாக 1 பிஎஸ்ஐக்கு மேல் போகாத அழுத்தத்தில் புகை விட வேண்டும். அழுத்தம் கூடினால் நல்ல சீல்களையே கெடுத்துவிடும். புகை நிரம்ப ஓரிரு நிமிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய புகையும் தெரியும். மேனிஃபோல்டின் அடிப்பக்கத்துக்கு ஒரு சிறு கண்ணாடி தேவைப்படும்.

மெஷின் இல்லாதவர்கள் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு போர்ட் இணைப்பிலும் தண்ணீரைப் பொடித் தூறலாக அடித்துப் பார்க்கலாம். லீக் இருக்கும் இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்படும், சத்தமும் ஐடிலும் ஒரு கணம் மாறும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே இதைவிடத் தெளிவாகக் காட்டும்தான். ஆனால் அது தீப்பிடிக்கும் சாமான். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கும்போது அதை அடிப்பது தேவையில்லாத ஆபத்து. அடித்தே ஆக வேண்டுமென்றால் இன்ஜின் குளிர்ந்திருக்கும் முதல் ஓரிரு நிமிடத்தில், ஒரு நொடி மட்டும், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு அடிக்கவும்.

சில இன்ஜின்களில், குறிப்பாக வி வடிவில், இன்டேக் கேஸ்கெட் வழியாகவே கூலன்ட்டும் போகும். அங்கே கேஸ்கெட் போனால் கூலன்ட் அளவு காரணமில்லாமல் குறையும். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் தெரிந்தால் வண்டியை ஓட்டக்கூடாது. கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்கை வேகமாகத் தின்றுவிடும்.

எக்ஸாஸ்ட் பக்கம்: சத்தமும் பொய் சொல்லும் சென்சாரும்

குளிர்ந்த ஸ்டார்ட்டில் 'டிக் டிக் டிக்' என்று கேட்டு, சில நிமிடத்தில் உலோகம் சூடாகி விரிந்து இடைவெளி மூடியதும் குறைந்தால், அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு லீக்கின் அச்சு அசல் அடையாளம். இதை டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று நினைத்து வால்வு கிளியரன்ஸ் பார்க்கப் போவோர் உண்டு. இரண்டுமே கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரும் சத்தம் என்பதால் தாளத்தை வைத்துப் பிரிக்க முடியாது. வேறு இரண்டு வழிகள் உண்டு. மேட்டில் ஏறும்போது, பாரம் கூடும்போது எக்ஸாஸ்ட் சத்தம் பெரிதாகும். டேப்பட் சத்தம் அவ்வளவாக மாறாது. அடுத்தது இன்னும் உறுதி: ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டராகச் சில நொடி கழற்றிப் பாருங்கள். எரிப்பு நின்ற சிலிண்டரின் எக்ஸாஸ்ட் துடிப்பு பலவீனமாகிவிடும், எனவே 'டிக்' தணியும். டேப்பட் சத்தம் அப்படியே இருக்கும். இக்னிஷன் காயிலைக் கழற்றி இதைச் செய்யக்கூடாது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும். இன்ஜெக்டர் கனெக்டர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால், ஸ்கேனரில் இன்ஜெக்டரை நிறுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளம் கரி. ஹீட் ஷீல்டைக் கழற்றி, கேஸ்கெட் ஓரத்தில் விசிறி போல் விரிந்த கறுப்புத் தடம் இருக்கிறதா பாருங்கள். கரித் தடத்தின் கூர்முனை எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஓட்டை. தடமே இல்லையென்றால் குளிர்ந்த இன்ஜினில் சைலன்சர் வாய் வழியாக, ஊதும் பக்கம் மாட்டிய வேக்யூம் கிளீனரால் காற்றைக் கொடுத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடம் லீக். மேனிஃபோல்டு உடலிலேயே குமிழி வந்தால் அது விரிசல். கேஸ்கெட் மாற்றிப் பயனில்லை.

ஸ்கேனரைக் குழப்புவதில் இந்த லீக் கெட்டி. புகை தொடர்ந்து ஒரே அழுத்தத்தில் வெளியே வருவதில்லை. துடிப்புத் துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே மேனிஃபோல்டு அழுத்தம் ஒரு கணம் வெளிக்காற்றைவிடக் குறையும். அந்தக் கணத்தில் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வரும். முன் ஆக்சிஜன் சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து 'பெட்ரோல் போதவில்லை' என்று சொல்ல, இசியு தேவையில்லாமல் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். ஆகவே இன்டேக் லீக்குக்கும் இதற்கும் கோடு ஒன்றேதான் வரலாம். பிரித்துக் காட்டுவது ஸ்பார்க் பிளக். ஸ்கேனர் லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்கிறது, பிளக்கோ கரியேறிக் கறுத்திருக்கிறது என்றால் எக்ஸாஸ்ட் பக்கம் போங்கள். பிளக்கும் வெளுத்திருந்தால் உண்மையிலேயே காற்று கூடியிருக்கிறது அல்லது பெட்ரோல் குறைந்திருக்கிறது.

எக்ஸாஸ்ட் லீக்கோடு வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது வெறும் சத்தப் பிரச்சினை அல்ல. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஏசி காற்று எடுக்கும் இடம் பல கார்களில் இன்ஜின் பானட்டின் பின் ஓரத்தில்தான் இருக்கிறது. மூடிய ஷெட்டில் இந்தச் சோதனைகளைச் செய்யவே கூடாது.

கேஸ்கெட்டைத் தின்பது எது

வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 0.0105 மி.மீ. நீளும். அலுமினியம் அதன் இரு மடங்குக்கும் மேல், சுமார் 0.023 மி.மீ. இதைப் பார்த்தால் ஹெட்தான் அதிகம் நீளும் போலத் தோன்றும். ஆனால் ஹெட் 100 டிகிரிச் சுற்றில் நிற்கிறது, மேனிஃபோல்டோ பாரத்தில் 600 டிகிரியைத் தொடும். 400 மி.மீ. நீள மேனிஃபோல்டு அறை வெப்பத்திலிருந்து 600 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 2.4 மி.மீ. நீளும். அதே நீள ஹெட் 100 டிகிரியில் 0.7 மி.மீ.தான். மீதி 1.7 மி.மீ. வித்தியாசத்தை மேனிஃபோல்டு கேஸ்கெட் மேல் வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். ஓரத்து ஸ்டட் (ஹெட்டில் திருகி நிற்கும் தலையில்லாத போல்ட்) துளைகளைப் பெரிதாக அல்லது நீள்வட்டமாக வைத்திருப்பது இதற்காகத்தான். ஓரத்து ஸ்டட்கள்தான் முதலில் உடைவதும் இதனால்தான்.

இதிலிருந்து சில விஷயங்கள் தானாகவே புரியும். நட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் மேனிஃபோல்டு வழுக்க முடியாமல் வளையும், அல்லது ஸ்டட் ஒடியும். துளையில் துரு அடைத்திருந்தாலும் அதே கதி. ஒரு ஸ்டட் ஒடிந்தபடியே வண்டி ஓடினால் அந்த மூலை ஒவ்வொரு சூட்டிலும் தூக்கிக்கொண்டு கேஸ்கெட்டை எரிக்கும்.

வெளியிலிருந்தும் காரணம் வரும். இன்ஜின் மவுண்ட் கிழிந்து இன்ஜின் அதிகமாக ஆடினால், சைலன்சர் குழாயின் முழு எடையும் உலுக்கலும் மேனிஃபோல்டு மேல் விழும். வளையும் ஃப்ளெக்ஸ் குழாய் துருவேறி இறுகிப்போனாலும், கன்வர்ட்டரைத் தாங்கும் பிராக்கெட்டை முன்பு வேலை செய்தவர் மாட்டாமல் விட்டிருந்தாலும் இதேதான். அந்த பிராக்கெட் போல்ட் கைக்கு எட்டாது என்பதால் அது அடிக்கடி காணாமல் போகும்.

பிளாஸ்டிக் இன்டேக்கில் வேறொரு கதை. போல்ட் துளைக்குள் ஒரு உலோகக் குழல் இருக்கும். போல்ட் இறுகும்போது விசையைத் தாங்குவது அந்தக் குழல்தான். கேஸ்கெட் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதை அதன் உயரமே நிர்ணயிக்கிறது. காலப்போக்கில் பிளாஸ்டிக் தளர்ந்து ரப்பரும் தட்டையாகிவிட்டால், போல்ட்டை இன்னும் இறுக்கிப் பயனில்லை. குழல் தடுத்துவிடும். மேலும் இறுக்கினால் ஹெட்டின் அலுமினிய மரைதான் வழுக்கும். 'கொஞ்சம் டைட் பண்ணிப் பார்' என்ற யோசனை இங்கே செல்லாது. போல்ட் உண்மையிலேயே தளர்ந்திருந்தால் மட்டும், குறிப்பிட்ட டார்க் (முறுக்கு அளவு) வரை இறுக்கிப் பார்க்கலாம்.

வாங்கி வைக்க வேண்டியவை

இன்டேக்குக்கு: மேனிஃபோல்டு கேஸ்கெட் செட், த்ராட்டில் பாடி கேஸ்கெட், இன்ஜெக்டர்களைத் தொடுவதாக இருந்தால் மேலும் கீழுமாக 8 ஓ-ரிங். கூலன்ட் குழாய் கழலுமானால் கூலன்ட்.

எக்ஸாஸ்ட்டுக்கு: மேனிஃபோல்டு கேஸ்கெட், கீழ்க் குழாய் சேரும் இடத்து டோனட் அல்லது தட்டைக் கேஸ்கெட், ஸ்டட் முழு செட், செம்பு பூசிய லாக் நட் முழு செட், மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும், நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட். பழைய நட்டைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

கருவிகள்: 10, 12, 13 மி.மீ. ஆறுமுனை சாக்கெட், நீள எக்ஸ்டென்ஷன், 5 முதல் 50 நியூட்டன் மீட்டர் அளக்கும் டார்க் ரெஞ்ச், பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், நேர்விளிம்புப் பட்டை, ஃபீலர் கேஜ், எம்8 மரை டேப் (மரையைச் சீராக்கும் கருவி). துருவேறிய நட்டில் பன்னிரண்டுமுனை சாக்கெட் போட்டால் முனை மழுங்கிவிடும்.

கேஸ்கெட் வகையிலும் கவனம் வேண்டும். எக்ஸாஸ்ட்டுக்குப் பல அடுக்கு எஃகு, ஒற்றை எம்போஸ் எஃகு, உலோக நடுத்தகட்டின் மேல் கிராஃபைட் என மூன்று விதமாகக் கிடைக்கும். பல அடுக்கு எஃகு நீடித்து உழைக்கும். மேனிஃபோல்டு வழுக்குவதையும் தாங்கும். ஆனால் கேஸ்கெட் உட்காரும் முகம் சமமாக, வழவழப்பாக இருக்க வேண்டும். குழி விழுந்த பழைய வார்ப்பிரும்பு முகத்துக்கு கிராஃபைட் வகையே மன்னிக்கும். முகத்தைச் சமன் செய்யாமல் விலை கூடிய எஃகு கேஸ்கெட்டைப் போட்டு, 'கம்பெனி சாமானே லீக் ஆகுது' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இன்டேக் கழற்றுவது

இன்ஜின் முழுக்க ஆற வேண்டும். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு அது தானாக நிற்கும்வரை விட்டால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலின் அழுத்தம் இறங்கும். அதன்பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றவும். நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினில் ரெயில் அழுத்தம் 100 பாருக்கும் மேல் இருக்கும். அதற்குச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள முறைதான், குறுக்குவழி கிடையாது.

காற்றுக் குழாய், த்ராட்டில் பாடி, கனெக்டர்கள், வேக்யூம் குழாய்கள் என்ற வரிசையில் கழற்றுங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் டேப் ஒட்டி எண் எழுதி, போட்டோ எடுத்துவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் முனைகள் இழுத்தால் ஒடியும். குழாயை முதலில் சுழற்றித் தளர்த்தி, பிறகு இழுக்கவும். இன்ஜெக்டர்களோடு சேர்த்தே ரெயிலைத் தூக்கிவிடலாம்.

மேனிஃபோல்டு போல்ட்களை வெளிமுனையிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றும் அரைச் சுற்றாகத் தளர்த்தவும். எல்லாப் போல்ட்டும் எடுத்த பிறகும் மேனிஃபோல்டு அசையவில்லையா? ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். அடியில் ஒரு தாங்கு பிராக்கெட் இருக்கும். அதன் போல்ட்டை யாரும் முதல் முறை பார்ப்பதில்லை.

மேனிஃபோல்டு வெளியே வந்த அடுத்த நொடி போர்ட்களை அடைக்க வேண்டும். பஞ்சு, கிழிந்த துணி வேண்டாம். நூல் பிரியாத துணி அல்லது அகல டேப். துணியானால் எண்ணி வைக்கவும், எடுக்கும்போதும் எண்ணவும். ஒரு நட் போர்ட்டுக்குள் விழுந்து வால்வு திறந்திருந்தால் ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும்.

பழைய கேஸ்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரப்பர் உதடு தட்டையாகி, பள்ளத்துக்கு மேல் துருத்தாமல் இருந்தால் வயதாகிவிட்டது. ஒரே இடத்தில் மட்டும் நசுங்கி, மற்ற இடம் உயரமாக இருந்தால் முகம் வளைந்திருக்கிறது. ரப்பர் ஊதி மென்மையாகியிருந்தால் ஆயிலோ தவறான கிளீனரோ பட்டிருக்கிறது. பிசிவி வழியாக ஆயில் அதிகம் வருகிறதா என்று தேடுங்கள்.

எக்ஸாஸ்ட் கழற்றுவது, ஸ்டட் ஒடிந்தால்

முந்தின நாளே எல்லா நட்டிலும் துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடவும். ஹீட் ஷீல்டின் 10 மி.மீ. போல்ட்கள் மெலிந்தவை. முறுக்கினால் ஒடியும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள். ஆக்சிஜன் சென்சார் கனெக்டரைக் கழற்றி வயரை ஓரமாகக் கட்டவும். கீழ்க் குழாயைப் பிரிக்கும் முன் அதை ஜாக்கி அல்லது கம்பியால் தாங்க வைக்கவும். தொங்கவிட்டால் ஃப்ளெக்ஸ் குழாய் கிழியும்.

நட் வரவில்லை என்றால் முதலில் கொஞ்சம் இறுக்கும் திசையில், பிறகு கழற்றும் திசையில், மாற்றி மாற்றி அசைக்கவும். துருப் பொடி மரையிலிருந்து வெளியேற இது வழி செய்கிறது. இம்பாக்ட் ரெஞ்சை முழு விசையில் வைத்து அடித்தால் எம்8 ஸ்டட் முறிவது நிச்சயம். அடுத்த ஆயுதம் சூடு: நட்டை மட்டும் சூடாக்க இன்டக்ஷன் ஹீட்டர் அருமையான கருவி. தீ எரியும் கேஸ் டார்ச் என்றால் ஆயிலைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் குழாய், வயர், பிளாஸ்டிக் எதுவும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டே பற்றவைக்கவும். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் வெளியே வந்தால் நல்லதுதான், எப்படியும் மாற்றப் போகிறோம்.

ஸ்டட் ஒடிந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளிருந்து வெல்டு செய்து, ஆறும்போது சுழற்றினால் வந்துவிடும். வெல்டின் சூடே மரையை இளக்கும். அலுமினியத்தில் எஃகு வெல்டு ஒட்டாது என்பதால், மட்டத்தோடு ஒடிந்ததற்கும் இது பல நேரம் வேலை செய்யும். பேட்டரியையும் இசியு கனெக்டரையும் கழற்றிய பிறகே வெல்டு.

வெல்டுக்கு வழியில்லையென்றால் ஒடிந்த முகத்தை அரம் கொண்டு சமன் செய்து, நட்ட நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, இடது திசை டிரில் பிட்டால் துளையிடவும். சில நேரம் டிரில் செய்யும்போதே ஸ்டட் சுழன்று வந்துவிடும். ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டர் எடுக்கும்போது யோசிக்கவும். அது கடினமாக்கிய எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடவே தொடாது. துளை நடுவிலிருந்து விலகி மரை போய்விட்டால் எம்8 மரைச் சுருள் இன்சர்ட் போடலாம். அதற்கான துளை சுமார் 8.3 மி.மீ.; செட்டோடு வரும் டிரில்லையே பயன்படுத்தவும். துளையின் ஆழத்தை டிரில்லில் டேப் சுற்றி அடையாளம் வைக்க வேண்டும். சில ஹெட்களில் ஸ்டட் துளை கூலன்ட் அறை வரை போகும். அங்கே புது ஸ்டட்டுக்கு மரை சீலன்ட் தேவை, இல்லையென்றால் மேனிஃபோல்டு மேல் தண்ணீர் சொட்டும்.

முகத்தைச் சுத்தம் செய்வதும் அளப்பதும்

அலுமினிய ஹெட் முகத்தில் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், கேஸ்கெட் இளக்கும் திரவம், பொறுமை. டிரில்லில் மாட்டும் தேய்ப்பு டிஸ்க் வேண்டவே வேண்டாம். இரண்டு காரணம். ஒன்று, அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். இன்னொன்று இன்னும் மோசம்: டிஸ்க்கிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு பொடி ஆயிலில் கலந்து பேரிங்கை அரைத்துவிடும். கேஸ்கெட் மாற்றிய வண்டி கொஞ்ச நாளில் பேரிங் சத்தத்தோடு திரும்பி வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். கடைசியில் பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைத்து, விரல் நகத்தை ஓட்டிப் பார்க்கவும். நகம் எங்கேயும் மாட்டக்கூடாது. ஸ்டட் துளைகளில் மரை டேப்பைக் கையால் ஓட்டி, அழுக்கைக் காற்றடித்து வெளியேற்றவும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், துளையிலிருந்து வரும் பொடி நேராக முகத்துக்கு வரும்.

நேர்விளிம்புப் பட்டையை நீளவாக்கிலும் இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்து, ஃபீலர் கேஜ் தகடு அடியில் நுழைகிறதா பாருங்கள். இன்டேக் முகத்துக்குப் பல புத்தகங்கள் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை அனுமதிக்கின்றன. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அனுமதி கூட, 0.3 மி.மீ. தாண்டினால் அந்த இன்ஜினுக்கான அளவைப் புத்தகத்தில் பார்த்தே தீர வேண்டும். வளைந்த வார்ப்பிரும்பை லேத் பட்டறையில் முகம் சீவிக்கொள்ளலாம். அப்போது எல்லா போர்ட் முகமும் ஒரே அமைப்பில் ஒரே மட்டத்துக்குச் சீவப்பட வேண்டும். ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனியாக அரைத்தால் வளைவு இன்னும் கூடும். விரிசல் விட்ட வார்ப்பிரும்பை வெல்டு வைப்பது நிலைக்காது, மாற்றுவதே மேல். பிளாஸ்டிக் இன்டேக் வளைந்திருந்தாலும் சீவ இடமில்லை, புதியதுதான்.

மாட்டுவது

இன்டேக் ரப்பர் கேஸ்கெட்டைச் சுத்தமான பள்ளத்தில் உலர்வாகவே அழுத்தி உட்கார வைக்கவும். காதுகள் எல்லாம் பள்ளத்தில் பிடித்துக்கொண்டதா என்று விரலால் சுற்றிப் பார்க்கவும். கிரீஸ், சீலன்ட் எதுவும் வேண்டாம். ஆர்டிவி சிலிகான் தடவினால் ரப்பர் வழுக்கி பள்ளத்திலிருந்து வெளியே வரும். வி வடிவ இன்ஜினின் முன், பின் ஓரச் சுவர்களில் மட்டும், புத்தகம் சொன்னால், சென்சாரைக் கெடுக்காத வகை ஆர்டிவி போடலாம். இன்ஜெக்டர் ஓ-ரிங்குக்கு ஒரு துளி சுத்தமான இன்ஜின் ஆயில். ஆயில் தடவாமல் தள்ளினால் ஓ-ரிங் கிழிந்து, பெட்ரோல் லீக் ஆகும்.

போல்ட் எல்லாவற்றையும் முதலில் கையால் பிடிக்க வைத்துவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கம், இடம் வலம் மாற்றி மாற்றி இரண்டு சுற்றாக இறுக்கவும். பிளாஸ்டிக் மேனிஃபோல்டின் எம்6 போல்ட் சுமார் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், அலுமினிய மேனிஃபோல்டின் எம்8 சுமார் 20 முதல் 25. இவை பரவலாகக் காணும் அளவுகள்; உங்கள் இன்ஜினின் எண் புத்தகத்தில் வேறாக இருந்தால் அதுவே செல்லும்.

எக்ஸாஸ்ட் ஸ்டட்களைக் கையால் அடிவரை திருகி, இரண்டு நட்டை ஒன்றோடொன்று பூட்டி லேசாக இறுக்கவும். கேஸ்கெட்டை ஸ்டட்களில் மாட்டி, துளை ஒவ்வொன்றும் போர்ட்டோடு பொருந்துகிறதா, ஓரம் போர்ட்டுக்குள் துருத்துகிறதா என்று பார்க்கவும். துருத்தும் ஓரம் சூட்டில் செந்தணலாகி உதிரும். கேஸ்கெட்டில் சீலன்ட் பூசாதீர்கள்; சாதாரண ஆர்டிவி அந்தச் சூட்டில் கருகித் தூளாகி, அது இருந்த இடமே புது ஓட்டையாகும். ஆன்டி-சீஸ் மரையில் மட்டும், மெல்லியதாக. ஆக்சிஜன் சென்சார் முனையில் பட்டால் சென்சார் போய்விடும். மசகு உள்ள மரையில் அதே டார்க் அதிக இறுக்கம் கொடுக்கும். புத்தகத்தில் உலர் மரைக்கான எண் கொடுத்திருந்தால் அதன் கீழ் எல்லையிலேயே நிறுத்திக்கொள்ளவும்.

எம்8 நட்டுக்குச் சுமார் 20 முதல் 30, எம்10க்கு 35 முதல் 45 நியூட்டன் மீட்டர் பரவலானது. நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்று: முதலில் பாதி, பிறகு முக்கால், கடைசியில் முழு அளவு. கீழ்க் குழாயையும் தாங்கு பிராக்கெட்டையும் தளர்வாக மாட்டிவிட்டு, மேனிஃபோல்டு முழுக்க இறுகிய பிறகே அவற்றை இறுக்க வேண்டும். வரிசை மாறினால் பிராக்கெட்டே மேனிஃபோல்டை இழுத்துப் பிடித்து வளைக்கும். புதுக் கேஸ்கெட் மூன்று மாதத்தில் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டார்ட் செய்த பிறகு

போர்ட் அடைத்த துணி எல்லாம் எண்ணிக்கைப்படி வெளியே வந்ததா? ஃப்யூஸ், பேட்டரி மாட்டிவிட்டு, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மூன்று முறை ஆன் ஆஃப் செய்து ரெயில் அழுத்தத்தை ஏற்றவும். ஒவ்வொரு இன்ஜெக்டர் வேரிலும் உலர்ந்த காகிதத் துண்டை வைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

முதல் ஸ்டார்ட் காற்றோட்டமான இடத்தில். எக்ஸாஸ்ட் பக்கம் கை பட்ட ஆயிலும் துரு இளக்கியும் எரிந்து பத்து, பதினைந்து நிமிடம் புகையும் வாடையும் வரும், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் வந்தால் வால்வு கவரிலிருந்து ஆயில் சொட்டுகிறதா பாருங்கள். கூலன்ட் கழற்றியிருந்தால் காற்றை வெளியேற்றி நிரப்பவும். கோடுகளையும் நீண்ட கால டிரிமையும் ஸ்கேனரில் அழித்துவிட்டு, ஐடில் பழகும் முறை இருந்தால் செய்யவும். பேட்டரி கழற்றியதால் முதல் ஓரிரு நாள் ஐடில் கொஞ்சம் மாறி மாறி நிற்கலாம்.

குளிர்ந்த ஸ்டார்ட்டில் சத்தம் கேட்பது, ஐடிலிலும் 2500 சுற்றிலும் டிரிம் பார்ப்பது என்ற அதே இரண்டு சோதனையையும் மறுநாள் காலை திரும்பச் செய்யவும். இரண்டிலும் டிரிம் தொகை 5 சதவீதத்துக்குள் வந்தால் வேலை சுத்தம். ஐடிலில் மட்டும் இன்னும் 12, 15 நின்றால் மேனிஃபோல்டைத் திரும்பக் கழற்றாதீர்கள். கழற்றி மாட்டிய குழாய்களில் ஒன்று சரியாக உட்காரவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். பிசிவி குழாயின் அடிப்பக்கத்தில் தொடங்குங்கள்.

எக்ஸாஸ்ட் நட்டைத் திரும்ப இறுக்க வேண்டுமா என்பது கேஸ்கெட்டைப் பொறுத்தது. பல அடுக்கு எஃகு வகைக்குத் தேவையில்லை. கிராஃபைட், கலவை வகைகள் முதல் சில சூட்டில் கொஞ்சம் அமுங்கும். உற்பத்தியாளர் சொல்லியிருந்தால், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, அதே வரிசையில், அதே டார்க்கில் ஒருமுறை. சூடாக இருக்கும்போது ரெஞ்ச் வைத்தால் மென்மையான ஸ்டட் நீண்டுவிடும்.